1993: ஜப்பான் எடுத்த மசாலாப் படம்

கையில் காசு இருக்கும்போது கொண்டாட எல்லோருக்கும் தெரியும். காசு போன பிறகு கொண்டாடத்தான் தனித் தைரியம் வேண்டும். டோக்கியோ மனைகளின் விலையைக் காட்டி அமெரிக்காவையே வளைத்துப் போட்டுவிடலாம் என்று மார்தட்டிய ஜப்பானுக்கு, 1990-களின் தொடக்கத்தில் பங்குச் சந்தை கவிழ்ந்தது. நிலத்தின் விலை விழுந்தது. வங்கிகள் வாராக்கடன் பட்டியலை எந்த அலமாரியில் ஒளிப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தன. அந்தச் சுபமுகூர்த்தத்தில்தான் லேசர் விளக்கு, புகை, ராக் கிட்டார் சகிதம் ஒரு தொழில்முறைக் கால்பந்து லீகைத் தொடங்கினார்கள். பெயர் ஜே லீக்.

அந்த முதல் சீசனை இன்று பார்த்தால் விளையாட்டுத் தொடராகவே தெரியவில்லை. பெரிய பட்ஜெட் மசாலாப் படமாகத்தான் தெரிகிறது. ஹீரோ யார், இறக்குமதி நட்சத்திரம் யார், எந்த ரீலில் சண்டை, எந்த ரீலில் கண்ணீர் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். நடிக்க வந்தவர்களில்தான் ஒருத்தர்கூட வசனத்தைப் படித்துவிட்டு வரவில்லை.

இதற்கு முன் ஓடிக்கொண்டிருந்தது ஜப்பான் சாக்கர் லீக். 1965-இல் ஆரம்பித்தது. முழுக்க முழுக்கக் கம்பெனிகளின் லீக். மிட்சுபிஷி, நிசான், யமஹா, ஹிட்டாச்சி, மாட்சுஷிதா என்று முடிவுகளைப் படித்தால் விளையாட்டுப் பக்கமா, வணிகப் பக்கமா என்று சந்தேகம் வரும். ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் கம்பெனி ஊழியர்கள். காலையில் கோப்பு, மாலையில் கோல். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றது. குனிஷிகே கமாமோட்டோ 7 கோல் அடித்து அந்தப் போட்டியிலேயே முதலிடம் பிடித்தார். கொஞ்ச நாள் கூட்டம் வந்தது. பிறகு பதக்கத்தில் படிந்த தூசி இருக்கைகளிலும் படிந்தது. எண்பதுகளில் காலியாகக் கிடந்த அரங்கில் அங்கங்கே உட்கார்ந்திருந்தவர்களும், மேலதிகாரி வந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கைதட்டினார்களோ என்று எனக்கொரு சந்தேகம் உண்டு.

தயாரிப்பாளரை அறிமுகப்படுத்த வேண்டும். சபுரோ கவாபுச்சி. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவை ஜப்பான் 3-2 என்று சாய்த்தபோது அதில் ஒரு கோல் இவருடையது. அதற்குப் பிறகு ஃபுருகாவா எலெக்ட்ரிக் கம்பெனியில் ஒழுங்கான உத்தியோகஸ்தராக ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். 1988-இல், 51 வயதில், கம்பெனி அவரைக் கூப்பிட்டுத் துணை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றியது. அந்த வயதில் அந்த மாற்றல் என்றால், ஏணியை எடுத்துவிட்டோம், இருக்கிற படியிலேயே நிம்மதியாக உட்காருங்கள் என்று பொருள். வேறொருவர் என்றால் போன்சாய் வளர்க்கப் போயிருப்பார். இவர் கால்பந்து நிர்வாகத்துக்குப் போனார். ஒரு கம்பெனி ஒரே ஒரு ஆளுக்குப் பதவி உயர்வு கொடுக்காததால் பத்துக் கம்பெனிகளுக்குக் கோடிக்கணக்கில் செலவு வந்தது.

இவர் மண்டைக்குள் 1960-லிருந்தே ஒரு பச்சைப் புல்தரை கிடந்தது. அந்த ஆண்டு தேசிய அணியோடு மேற்கு ஜெர்மனிக்குப் போய் டூயிஸ்பர்க் விளையாட்டுப் பள்ளியில் தங்கியபோது பார்த்தது. ஜப்பானில் அப்போது மைதானம் என்றாலே மண்தரை. முட்டி தேயத் தேய ஆடினார்கள். ஜெர்மனியிலோ புல், உள்ளரங்கம், ஊரார் எல்லோருக்கும் கிளப். கம்பெனிக்காக ஆடாமல் ஊருக்காக ஆடும் அணிகள் வேண்டும் என்று அங்கே பிடித்த பைத்தியம் முப்பது ஆண்டுகள் கழித்து நிபந்தனையாக வெளியே வந்தது. அணியின் பெயரில் கம்பெனி இருக்கக்கூடாது. ஊர் பெயர், அதன் பின் ஒரு செல்லப் பெயர், அவ்வளவுதான். பணம் மட்டும் வழக்கம்போலக் கம்பெனியே போடலாம். அதற்கு ஆட்சேபணை இல்லை.

செல்லப் பெயருக்காக உலகத்து அகராதிகளை எல்லாம் இறக்கினார்கள். நிசான்காரர்கள் ஸ்பானிய மாலுமி வேஷம் போட்டு யோகோஹாமா மரினோஸ் ஆனார்கள். ஆல் நிப்பான் விமானக் கம்பெனி ஜெர்மன் இறக்கை கட்டிக்கொண்டு யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ். ஹிரோஷிமாவின் மாஸ்டா அணி பாதி ஜப்பானியம், பாதி இத்தாலியம் ஒட்டி சான்ஃப்ரெச்சே. டொயோட்டாவின் அணி நகோயா கோட்டைக் கூரைமேல் இருக்கும் தங்க மீனையும், நகரச் சின்னத்தில் இருக்கும் எட்டாம் எண்ணையும் சேர்த்து கிராம்பஸ் எய்ட் என்று வைத்துக்கொண்டது. முதல் சீசனில் அவர்கள் ஆடியதைப் பார்த்தவர்கள், எட்டுப் பேர்தான் இறங்கியிருக்கிறார்கள் போல என்று நினைத்திருந்தால் குற்றம் சொல்ல முடியாது.

எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருத்தரைத் தவிர. யொமியூரி பத்திரிகையின் தலைவர் ட்சுனேயோ வதனபே. உலகத்திலேயே அதிகம் விற்கும் நாளிதழ், பேஸ்பால் உலகின் சக்கரவர்த்திகளான யொமியூரி ஜயன்ட்ஸ், தொலைக்காட்சித் தொடர்பு என்று எல்லாம் கையில் வைத்திருந்தவர். ஜப்பானிய பேஸ்பாலில் கம்பெனி பெயரை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டுதான் ஆடுவார்கள். கால்பந்து அணிக்குக் காசு நான் போடுவேன், பெயர் கவாசாகி என்ற ஊருக்கா என்று அவருக்கு ஏறியது. லீக் 'வெர்டி கவாசாகி' என்று எழுதினால் அவருடைய பத்திரிகை 'யொமியூரி வெர்டி' என்று அச்சடித்தது. கவாபுச்சியைச் சர்வாதிகாரி என்றார். கவாபுச்சியும் விடவில்லை. இருவரும் மேடை போட்டுத் திட்டிக்கொண்டதில், ஊர் அணி என்றால் என்ன என்பது கால்பந்தே பார்க்காத ஜனங்களுக்கும் விளங்கிவிட்டது. அந்த மனிதர் எதிர்த்ததுதான் எங்களுக்குப் பெரிய உபகாரம் என்று கவாபுச்சியே பிற்பாடு ஒப்புக்கொண்டார். விளம்பரத்துக்கு யொமியூரியில் இடம் வாங்கியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

இப்போது வில்லேஜ் ட்ராக். இபராகி மாவட்டத்தில் ஒரு புராதனக் கோயிலும், ஓர் எஃகு ஆலையும், ஐம்பதாயிரத்துக்கும் குறைவான ஜனத்தொகையும் கொண்ட கஷிமா. அங்கே சுமிட்டோமோ மெட்டல் கம்பெனிக்கு இரண்டாம் பிரிவில் ஆடும் ஓர் அணி. முதல் பிரிவின் ஜாம்பவான்களே இடம் கிடைக்காமல் வரிசையில் நிற்கும்போது, இவர்களும் ஜே லீகுக்கு மனுப் போட்டார்கள். கவாபுச்சி தன்மையாகத்தான் சொன்னார்: வாய்ப்பு 99.9999 சதவீதம் இல்லை. பதினையாயிரம் இருக்கைகளும் அவற்றுக்குமேல் கூரையும் உள்ள கால்பந்து மைதானம் கட்டினால் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். போகாத ஊருக்கு வழி சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். கிராமத்து ஆட்கள் தசமப் புள்ளிக்கு அப்பால் இருந்த அந்த 0.0001-ஐ மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய், நிஜமாகவே கட்டிவிட்டார்கள். யமஹாவும் ஹிட்டாச்சியும் வாசலில் நிற்க, கஷிமா ஆன்ட்லர்ஸ் உள்ளே நுழைந்தது.

கட்டியது போதாது என்று ஒரு ஆளையும் பிடித்து வந்திருந்தார்கள். ஜீக்கோ. பிரேசிலின் பத்தாம் எண் கடவுள்களில் ஒருவர், ஃபெர்னாண்டோ கொல்லோர் அரசில் விளையாட்டு அமைச்சராகவும் இருந்தவர். மந்திரிப் பதவியை விட்டுவிட்டு 1991-இல், 38 வயதில், எஃகு ஆலைப் புகைக்கு நடுவே ஜப்பானின் இரண்டாம் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் சீசனில் 21 கோல் அடித்து அந்தப் பிரிவின் அதிக கோல்காரர் ஆனார். இரண்டாம் பிரிவுக் கோல்கீப்பர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. நேற்றுவரை மாலை ஷிஃப்ட் முடிந்து வந்து பந்து பிடித்துக்கொண்டிருந்தவர்கள். இன்று எதிரே ஜீக்கோ ஃப்ரீ கிக் வைக்கிறார்.

லீக் தொடங்குவதற்குச் சற்று முன் கஷிமா அணி இத்தாலிக்குப் போய் குரோவேஷியத் தேசிய அணியிடம் 1-8 என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. ஜீக்கோ அணியை உட்கார வைத்துப் பேசினார். விளையாட்டு அமைச்சராகப் பேசினாரோ ஃபோர்மேனாகப் பேசினாரோ, வேலை செய்தது.

ஆனால் திரைக்கதையில் ஹீரோ இவர் இல்லை. ஹீரோ கஸு. கசுயோஷி மியுரா. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுவிட்டுத் தனியாக பிரேசிலுக்குப் போய், பெலே ஆடிய சான்டோஸ் வரைக்கும் எட்டிப்பிடித்துத் திரும்பிய பிள்ளை. கோல் அடித்தால் கொடிக்கம்பத்துப் பக்கம் போய் ஒரு குத்தாட்டம். அதற்கே டிக்கெட் விற்கும். அவருடைய வெர்டி கவாசாகியில் பிரேசிலிலிருந்து வந்து ஜப்பான் குடியுரிமை பெற்ற ரூய் ராமோஸ், இன்னும் பாதித் தேசிய அணி. பணம், பத்திரிகை, தொலைக்காட்சி, தலைமுடி எல்லாம் இவர்கள் பக்கம்.

1993 மே 15, சனிக்கிழமை, இரவு ஏழரை மணி. டோக்கியோ தேசிய அரங்கில் 59,626 பேர். டிக்கெட்டுக்கு அஞ்சலட்டைகள் லட்சக்கணக்கில் குவிந்து குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். ராக் இசைக்குழுவின் கிட்டார் கதறியது. தேசிய கீதத்தை ராக் பாடகர் பாடினார். கவாபுச்சி மைக் முன் வந்து தொடக்க உரையைச் சில வரிகளில் முடித்துக்கொண்டார். தலைவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்தும் சுருக்கமாகப் பேசினார் என்பதே அன்றைய முதல் அதிசயம்.

வெர்டிக்கு எதிரே மரினோஸ். ஜப்பானின் முதல் தொழில்முறை லீக் கோலை ஜப்பான்காரர் ஒருவர், அதுவும் கஸு, அடித்துவிட்டு ஆடுவதாகத்தான் ஐம்பத்தொன்பதாயிரம் பேரும் மனசுக்குள் படம் பிடித்து வைத்திருந்தார்கள். 19-ஆவது நிமிடம். வெர்டியின் ஹென்னி மெய்யர் என்ற டச்சுக்காரர் தூரத்திலிருந்து உதைத்தார், வலைக்குள் விழுந்தது. சரித்திரம் ஹாலந்துக்குப் போயிற்று. இடைவேளைக்குப் பிறகு மரினோஸின் எவர்டன் சமன் செய்தார், பிரேசில். 59-ஆவது நிமிடத்தில் ரமோன் டியாஸ் வெற்றி கோல், அர்ஜென்டினா. ஹீரோ முதல் காட்சியிலேயே 1-2 என்று தோற்றார், நடனம் பெட்டியிலேயே இருந்தது. முதல் ஜப்பானிய கோல் மறுநாள் ஹிரோஷிமாவில் வந்தது. சான்ஃப்ரெச்சேயின் யஹிரோ கசாமா முதல் நிமிடத்திலேயே அடித்தார். லேசரும் இல்லை, புகையும் இல்லை. மனிதர் ஒரு நாள் முன்னால் அடித்திருந்தால் தபால்தலையே வெளியிட்டிருப்பார்கள்.

அதே மே 16-இல் கஷிமாவின் புது மைதானத்துக்கு நகோயா கிராம்பஸ் வந்தது, டொயோட்டாவின் பணத்தில் வாங்கிய இறக்குமதி நட்சத்திரத்தோடு. கேரி லினேக்கர். 1986 உலகக் கோப்பையின் அதிக கோல்காரர், இங்கிலாந்துக்கு 48 கோல். இத்தனை ஆண்டு ஆட்டத்தில் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்காத கனவான். ஜப்பானியர்கள் உருகிப்போகும் குணம். எதிரே 40 வயது ஜீக்கோ. போஸ்டரில் இளையவர் படம் பெரிதாக, கிழவர் படம் ஓரமாக. ஆட்டம் முடிந்தபோது கஷிமா 5, நகோயா 0. ஜீக்கோ ஹாட்ரிக். மீதி இரண்டும் அல்சிண்டோ என்ற பிரேசிலியர். லினேக்கர் கடைசிவரை மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்.

அதன்பின் அவருடைய கால் கட்டைவிரல் மக்கர் செய்தது. அந்த ஒரு விரலைப் பற்றி ஜப்பானியப் பத்திரிகைகள் எழுதியதை அடுக்கினால் நகோயா கோட்டை உயரம் வரும். முதல் சீசனில் 7 ஆட்டம், 1 கோல். இரண்டாவதில் 11 ஆட்டம், 3 கோல். அப்புறம் ஓய்வு. ஒரு கோலுக்கு என்ன விலை ஆயிற்று என்று டொயோட்டாவின் கணக்காளர் வகுத்துப் பார்த்திருந்தால், விடை காரின் விலையைவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும். பெரிய காராகவே இருக்கட்டும்.

விதிகளை எழுதியவர்களும் மசாலா ரசிகர்கள்தான். டிராவே கிடையாது. சமனாக முடிந்தால் கூடுதல் நேரம்; முதலில் கோல் போட்டவர் அங்கேயே ஜெயித்தார். அதிலும் முடியாவிட்டால் பெனால்டி. ஆட்டமோ புதன், சனி என்று வாரத்துக்கு இரண்டு. சீசனை இரண்டு பாகமாக வேறு வெட்டி, முதல் பாகத்துக்கு ஒரு மதுபானக் கம்பெனி பெயரும் இரண்டாம் பாகத்துக்கு ஒரு கடன் அட்டைக் கம்பெனி பெயரும் வைத்தார்கள். குடித்துவிட்டுக் கடன் வாங்குவது என்ற வரிசை இயற்கையாகவே அமைந்துவிட்டது. அணிகளின் பெயரில்தான் கம்பெனி கூடாது, தொடரின் பெயரில் தாராளமாக வரலாம் என்பதை வதனபே கவனித்திருப்பார்.

டிரா இல்லாத கொடுமையை முழுதாக அனுபவித்தது உராவா ரெட்ஸ். முதல் பாகத்தில் 3 வெற்றி, 15 தோல்வி. இரண்டாம் பாகத்தில் 5 வெற்றி, 13 தோல்வி. மொத்தம் 8-28. இரண்டு பாகத்திலும் கடைசி. 'ஜே லீகின் சுமை' என்று பத்திரிகைகள் பட்டம் கொடுத்தன. விநோதம் என்னவென்றால், தோற்கத் தோற்க அவர்களுடைய ரசிகர் கூட்டம் சத்தம் போட்டுக்கொண்டே பெருகியது. கோமாபா என்ற சின்ன மைதானத்தில் சிவப்புக் கொடியோடு அடைந்துகொண்டு, தோல்வி மேல் தோல்வியை நின்றுகொண்டே பார்த்தார்கள். கவாபுச்சி ஜெர்மனியில் பார்த்த ஊர் அணி அசலாக முளைத்தது இங்கேதான் என்பது என் கட்சி. ஜெயிக்கிற அணிக்குக் கைதட்ட யாரையும் பழக்க வேண்டியதில்லை.

முதல் பாகத்தை ஜூலையில் கஷிமா வென்றது. வாய்ப்பே இல்லை என்று தசமப் புள்ளி வைத்துக் கூறப்பட்ட ஊர். கவாபுச்சி முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஜப்பான் இதற்குள் முழுப் பித்தாகியிருந்தது. பையன்கள் கையில் ஆட்டக்காரர்களைப் போல நூல் வளையம். அது தானாக அறுந்தால் வேண்டுதல் பலிக்கும் என்று ஐதீகம். அலுவலகப் பெண்களுக்கு ஆஃப்சைடு என்றால் என்ன என்று விளக்குவது ஆண்களின் புதிய உப தொழில். ஆண்களுக்கே அது தெரியாது என்பது வேறு விஷயம். அல்சிண்டோவுக்கு உச்சந்தலை வழுக்கை, ஓரங்களில் நீண்ட கேசம். 22 கோல் அடித்த அந்த மனிதரை ஒரு விக் கம்பெனி விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டது: கவனிக்காமல் விட்டால் நீங்களும் என்னைப் போலாகிவிடுவீர்கள் என்று அவரே நாட்டு மக்களை எச்சரித்தார். கோல்களைவிட அந்த எச்சரிக்கைதான் அதிகம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. ஆண்டு முடிவில் அந்த வருடத்தின் சொல்லாக 'ஜே லீக்' தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிக கோல் அடித்தவர் மரினோஸின் டியாஸ், 28. முதல் நாள் ஹீரோவைத் தோற்கடித்த அதே இடது கால்காரர்.

இடைவேளையில் சோகம் வைப்பது நம் இயக்குநர்களின் வழக்கம். இவர்களும் வைத்தார்கள், வேண்டுமென்று இல்லை. லீகை நிறுத்திவிட்டு, 1994 உலகக் கோப்பைக்கான ஆசியக் கடைசிச் சுற்றுக்காகத் தேசிய அணி கத்தாரின் தோஹாவுக்குப் போனது. ஆறு அணி, இரண்டு இடம். அக்டோபர் 28, கடைசி ஆட்டம் ஈராக்கோடு. ஜெயித்தால் ஜப்பானுக்கு முதல் உலகக் கோப்பை. ஐந்தாவது நிமிடத்தில் கஸு தலையால் முட்டினார். ஈராக் திருப்பியது. நகயாமா மறுபடி முன்னிலை கொடுத்தார். 2-1. தொண்ணூறு நிமிடமும் முடிந்துவிட்டது. ஈராக்குக்கு ஒரு கார்னர். நேராக உள்ளே தூக்காமல் பக்கத்தில் நின்றவருக்குத் தட்டினார்கள். நேரம் கடத்த வேண்டியவர்கள் ஜப்பானியர்கள். ஈராக்காரர்கள் ஏன் சாவகாசமாகத் தட்டுகிறார்கள் என்று யோசிப்பதற்குள் பந்து உள்ளே பறந்து, ஓம்ரான் சல்மானின் தலையில் பட்டு வலைக்குள் மிதந்தது. 2-2. கோல் வித்தியாசத்தில் தென்கொரியா உலகக் கோப்பைக்கு அமெரிக்கா போனது. நள்ளிரவு தாண்டியும் டோக்கியோ வட்டாரத்தில் தொலைக்காட்சி வைத்திருந்த வீடுகளில் 48.1 சதவீதம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் புல்தரையில் உட்கார்ந்தவர்கள் எழவில்லை. இந்த ஒரு ரீலில் மட்டும் எனக்குக் கிண்டல் வரவில்லை. அடுத்த ரீலுக்குப் போய்விடுகிறேன்.

இரண்டாம் பாகத்தை வெர்டி 16 வெற்றி, 2 தோல்வி என்று துடைத்து எடுத்தது. நடுவில் பிரேசிலிலிருந்து பிஸ்மார்க் என்ற ஆட்டக்காரரை வரவழைத்த பலன். வருட மொத்தம் 28-8. உராவாவின் 8-28-ஐக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. ஆக கிளைமாக்ஸ்: முதல் பாக வெற்றியாளர் கஷிமாவும் இரண்டாம் பாக வெற்றியாளர் வெர்டியும் இரண்டு ஆட்டம். எஃகு ஆலை கிராமத்துக்கும் பத்திரிகைச் சக்கரவர்த்திக்கும் சண்டை. 1994 ஜனவரி 9, 16. இரண்டுமே டோக்கியோ தேசிய அரங்கில். கஷிமாக்காரர்கள் கேட்டார்கள்: இதற்காகவா ஐயா எங்களைக் கூரை போட்டு மைதானம் கட்டச் சொன்னீர்கள்? இதற்கிடையே புத்தாண்டு தினத்தில் பேரரசர் கோப்பை இறுதியாட்டத்தில் ஃப்ளூகெல்ஸிடம் 2-6 என்று தோற்று, ஏற்கெனவே கஷிமா கடுப்பில் இருந்தது.

முதல் ஆட்டத்தில் கஸு ஒன்று, பிஸ்மார்க் ஒன்று; வெர்டி 2-0. இரண்டாவதில் அல்சிண்டோ கோல் போட, கஷிமாவுக்கு உயிர் வந்தது. இன்னொன்று போட்டால் சமம். பத்து நிமிடம்கூடப் பாக்கியில்லாதபோது நடுவர் வெர்டிக்குப் பெனால்டி கொடுத்தார். ஜீக்கோவுக்குப் பொறுக்கவில்லை. வாதாடினார். பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டு கஸு பின்வாங்கி நின்றார். முன்னாள் மந்திரி, உலகம் போற்றிய பத்தாம் எண், ஒரு தொழிற்சாலைக்கே ஒழுக்கம் கற்றுக்கொடுத்த ஆசான், மெல்ல நடந்து போய், குனிந்து, பந்தின் மேல் எச்சில் துப்பினார்.

இரண்டாவது மஞ்சள் அட்டை. வெளியே. கஸு பெனால்டியை உள்ளே தள்ளினார். 1-1, இரண்டு ஆட்டம் சேர்த்து 3-1. ஹீரோ கடைசியில் ஜெயித்துவிட்டார், எழுதி வைத்தபடியே. எழுதாத எச்சில் ஒன்று மட்டும் கூடுதல். விருது விழாவில் சீசனின் சிறந்த ஆட்டக்காரராக கஸு சிவப்பு சூட் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். அந்தச் சிவப்பைப் பார்த்தால் வெளியேற்றப்பட்டது அவர்தானோ என்று தோன்றும்.

ஒருநாளும் அட்டை வாங்காத லினேக்கரை நகோயாவில் பெருமூச்சோடுதான் நினைவுகூர்கிறார்கள். எச்சில் துப்பி வெளியேறியவருக்குக் கஷிமாவில் சிலை. வெர்டி மறுவருடமும் கோப்பையை வென்றது. அதற்குப் பிறகு லீக் பட்டம் அவர்கள் பக்கமே வரவில்லை. கவாசாகி என்ற பெயரை வைத்து அத்தனை சண்டை போட்டுவிட்டு 2001-இல் டோக்கியோவுக்கே குடிபெயர்ந்தார்கள். வாய்ப்பே இல்லாத கஷிமாதான் எட்டுக்குக் குறையாமல் லீக் பட்டங்களைச் சேர்த்து ஜப்பானிலேயே முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

கவாபுச்சி 2002-இல் ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். வந்ததும் தேசிய அணிக்குப் புதுப் பயிற்சியாளர் தேட வேண்டியிருந்தது. உலகம் முழுக்க ஆள் இருக்க, அவர் தேர்ந்தெடுத்தது ஜீக்கோவை. பயிற்சியாளர் என்றால் எல்லைக்கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், பெனால்டிப் புள்ளி அங்கிருந்து வெகுதூரம் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ.